உயிரியல் கணினி மாதிரிகளைப் பகிர்வது: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: அக்கா, செல்லுக்குள் நடக்கும் வினைகளைச் சமன்பாடுகளால் கணினியில் காட்டும் ஒரு மாதிரியைப் பற்றிக் கட்டுரை எழுதி, பிற்சேர்க்கையில் சமன்பாடுகள் முழுவதும் கொடுத்துவிட்டேன். மாதிரிக் கோப்பும் தர வேண்டுமா?

பதில்: கட்டாயம் தாருங்கள். 2021இல் பயோமாடல்ஸ் என்ற இணைய மாதிரிக் களஞ்சியத்தின் குழுவினர் 152 இதழ்களில் வந்த 455 மாதிரிகளை மறுபடி கட்டிப் பார்த்தார்கள். கட்டுரையில் இருந்ததை மட்டும் வைத்து அதே முடிவு கிடைத்தது 51 சதவீதத்துக்குத்தான். பிழை திருத்தியும் எழுதியவர்களைக் கேட்டும் இன்னொரு 12 சதவீதத்தைத் தேற்றினார்கள். மிச்சம் 37 சதவீதம் தேறவே இல்லை. பெரிய தவறுகள் என்று நினைக்காதீர்கள். ஒரு மாறிலி விட்டுப்போயிருக்கும், தொடக்க மதிப்பு இருக்காது, கூட்டல் குறி கழித்தலாகியிருக்கும். நானே ஒரு மாதிரியோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் மாறிலிகள் நிமிடக் கணக்கில், வரைபடம் நொடிக் கணக்கில். அலகை எங்குமே எழுதவில்லை, புண்ணியவான்!

கேள்வி: மேட்லேப் என்ற கணக்கீட்டு மொழியில் எழுதிய நிரலை கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டிருக்கிறேன். போதுமா?

பதில்: ஒன்றும் போடாததற்கு எவ்வளவோ மேல். ஆனால் நிரலில் உயிரியலும் கணக்குப் போடும் முறையும் பின்னிக் கிடக்கும். பிரித்தெடுப்பது அடுத்தவர் தலைவலி. 2001இல் வந்த எஸ்பிஎம்எல் என்ற பொதுவான மாதிரிக் கோப்பு வடிவம் எந்த வினை, எந்த வேகம், என்ன தொடக்க அளவு என்பதை மட்டும் சொல்லும். கோபாசி, டெல்லூரியம் என்ற மாதிரி ஓட்டும் மென்பொருள்கள் இரண்டுமே அதைப் படிக்கும். இதயச் செல்லின் மின்னோட்டம் போன்ற மாதிரி என்றால் ஆக்லாந்தில் உருவான செல்எம்எல் என்ற இன்னொரு வடிவத்தையும் பாருங்கள்.

கேள்வி: மாதிரியில் வரும் ஒவ்வொரு மாறிக்கும் யூனிப்ராட் எண், அதாவது புரதத் தரவுத்தளத்தில் உள்ள அடையாள எண், கேட்கிறார்கள் சார். வீண் வேலையாகத் தெரிகிறது.

பதில்: சார் இல்லை, அக்காதான்! அலுப்பான வேலை என்பது உண்மை. ஆனால் எலோவிட்ஸும் லைப்லரும் 2000இல் வெளியிட்ட ரெப்ரசிலேட்டர் என்ற செயற்கை மரபணுச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புரதங்கள் வட்டமாக ஒன்றையொன்று அடக்கும். ஒன்றுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்தால் அது லாக்ஐ என்ற புரதம் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? எண் இருந்தால் தேடலாம், இன்னொரு மாதிரியோடு இணைக்கலாம். மாதிரியோடு குறைந்தபட்சம் என்னென்ன தகவல் தர வேண்டும் என்று சொல்லும், 2005இல் வந்த மிரியம் நெறிகள் கேட்பதில் இதுவும் ஒன்று. மாதிரியை உருவாக்கியவர் யார், எந்தக் கட்டுரையைச் சேர்ந்தது என்பதும் கோப்பிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: எஸ்பிஎம்எல் கோப்பைத் திறந்தேன். கட்டுரையின் மூன்றாம் படம் வரவில்லையே?

பதில்: எவ்வளவு நேரம் ஓட்டுவது, எதை எதற்கு எதிராக வரைவது என்பதெல்லாம் அதில் இருக்காது. அதற்கு செட்எம்எல் என்று தனிக் கோப்பு உண்டு. இரண்டையும் கம்பைன் ஆர்க்கைவ் என்ற ஒரே பொதியில் கட்டி அனுப்பலாம்.

கேள்வி: கட்டுரை வெளிவரும் முன்பே மாதிரியை யாராவது எடுத்துக்கொண்டால்?

பதில்: பயோமாடல்ஸில் இப்போதே சேர்த்து, பூட்டி வைக்கலாம் தம்பி. மதிப்பாய்வாளர்கள் மட்டும் பார்க்க வழி உண்டு. கட்டுரை வந்த பிறகு திறந்துவிடச் சொல்லுங்கள். அதற்கு முன் அலகுகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.