முதல் உலகப்போர்: ரயில் அட்டவணை, முள்கம்பி, எம்டன் (கேள்வி பதில்)

கேள்வி: சரயேவோவில் ஓர் இளவரசரைச் சுட்டதற்காகவா இத்தனை நாடுகள் போருக்குப் போயின, சார்?

ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசரை ஒரு செர்பிய இளைஞர் சுட்டது 1914 ஜூன் 28. ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவில் இருக்கும் ஒரு மாதத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஜூலை 5-ல், எது வந்தாலும் துணை நிற்போம் என்று ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தது. அந்தத் தெம்பில்தான் ஜூலை 23-ல் செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு போனது. என்னைக் கேட்டால், ஜூன் 28-ஐ விட ஜூலை 5 கனமான தேதி.

கேள்வி: இரு நாட்டுச் சண்டையாக அதை நிறுத்தியிருக்க முடியாதா?

ஜூலை 30-ல் செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்ட பிறகு கஷ்டம். படைதிரட்டல் என்றால் ரிசர்வ் ஆட்கள், குதிரை, பீரங்கி, தீவனம் எல்லாவற்றையும் ரயிலேற்றி எல்லையில் இறக்குவது. ரஷ்யா முழுதாகத் திரள்வதற்குள், சுமார் ஆறு வாரத்தில் அதன் கூட்டாளியான பிரான்ஸை வீழ்த்திவிட வேண்டும் என்பது ஜெர்மானியத் திட்டம். ரஷ்யா முந்தும் ஒவ்வொரு நாளும் அந்த ஆறு வாரத்தில் கழியும். ஆகஸ்ட் 1-ல் ஜெர்மானியப் பேரரசர் கைசரே படையைக் கிழக்கே திருப்பலாமா என்று கேட்டார். ரயில் ஏற்பாடு குலைந்துவிடும், முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. பிரான்ஸுக்கு வகுத்த பாதை பெல்ஜியம் வழியாகப் போனது. 1839 ஒப்பந்தப்படி பெல்ஜியத்தின் நடுநிலைக்குப் பிரிட்டனும் பொறுப்பு. ஆகஸ்ட் 4-ல் பிரிட்டனும் போரில் இறங்கியது.

கேள்வி: அந்த ஆறு வாரக் கணக்கு எங்கே தப்பியது?

ரயில் எல்லைவரைதான் கொண்டுவிட்டது. அதற்கப்பால் நடை. பெல்ஜியத்தில் பாலங்களும் சுரங்கப்பாதைகளும் தகர்க்கப்பட்டிருந்ததால் உணவும் தீவனமும் பின்தங்கின. செப்டம்பரில் பிரான்ஸின் மார்ன் ஆற்றருகே ஜெர்மானியத் தளபதிகள் குளுக், பியூலோ இருவரின் படைகளுக்கும் நடுவே இடைவெளி விழ, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அதற்குள் நுழைந்தன. ஜெர்மானியர் எய்ன் (Aisne) ஆற்றுக்குப் பின்வாங்கிப் பதுங்குகுழி தோண்டினார்கள்.

கேள்வி: சோம் போரில் ஒரு வாரம் குண்டு பொழிந்தும் முதல் நாளே அத்தனை பேர் செத்தது எப்படி?

பிரான்ஸின் சோம் ஆற்றருகே தாக்குமுன் பிரிட்டிஷார் பொழிந்தது சுமார் 15 லட்சம் குண்டுகள். அதில் பெரும்பகுதி ஷ்ராப்னல்: வானில் வெடித்து ஈயக் கோலிகளைச் சிதறடிக்கும் ரகம். திறந்தவெளியில் நிற்கும் ஆளை அது கொல்லும். முள்கம்பியை அறுக்க வேண்டுமானால் வெடிக்கும் உயரம் துல்லியமாக அமைய வேண்டும். சுமார் 30 அடி ஆழப் பதுங்கறையை அதனால் தொடவே முடியாது. கனரகக் குண்டுகள் போதவில்லை, வெடிக்காமல் புதைந்தவையும் ஏராளம். 1916 ஜூலை 1 காலை 7.30-க்குப் பீரங்கிகள் இலக்கைப் பின்னுக்கு மாற்றியதும் ஜெர்மானியர் படியேறி வந்து மெஷின்கன்னை நிறுத்திவிட்டார்கள். அறுபடாத கம்பியின் முன் திணறி நின்றவர்கள்மீதுதான் சுட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் அன்று மட்டும் 19,240 பேர் இறந்தார்கள். தொட்டவுடன் வெடித்துக் கம்பியை அறுக்கும் ஃபியூஸ் பரவலாகக் கைக்கு வந்தது 1917-ல்தான்.

கேள்வி: 'அவன் பெரிய எம்டன்' என்கிறார்களே, அந்த எம்டன் இந்தப் போரில் வந்ததா?

ஆமாம், ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை நெருங்கி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு நழுவியது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து முடித்தது.

கேள்வி: ஜெர்மனி களத்தில் தோற்கவில்லை, உள்நாட்டுத் துரோகம்தான் கவிழ்த்தது என்கிறார்களே?

தவறு. 1918 மார்ச் தாக்குதலில் சுமார் 65 கிலோமீட்டர் முன்னேறியும் அமியான் ரயில் சந்திப்பை அவர்களால் பிடிக்க முடியவில்லை. ஆகஸ்ட் 8-ல் அதே அமியான் அருகே எதிரியின் டாங்கிகள் அவர்கள் வரிசையை உடைத்தன. செப்டம்பர் 29-ல் கூட்டாளியான பல்கேரியா போரிலிருந்து விலகியது. உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அன்றே அரசை நெருக்கியவர் படைத்தலைவர் லூடன்டார்ஃப்தான். ஜெர்மானியப் புரட்சி வெடித்தது அதற்கு ஒரு மாதம் கழித்து.