பனியால் வருமா மூளைக்காய்ச்சல்?

கேள்வி: எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறை. என் நாத்தனார் மகனுக்கு 7 வயது. மூளை உறையில் காய்ச்சல் என்று மதுரையில் வைத்துப் பார்த்தார்கள். குணமாகி இந்த வாரம் வீட்டுக்கு வருகிறான். பனியில் விளையாடியதால்தான் வந்தது என்கிறார் மாமியார். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்ததால் கால் விளங்காமல் போய்விடும் என்று வேறு சொல்கிறார்கள். என் பிள்ளைகளை அவனோடு விளையாட விடலாமா? அவர்களுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று.

பதில்: தாராளமாக விளையாட விடுங்கள். சிகிச்சை முடிந்து வரும் பிள்ளையிடமிருந்து இது தொற்றாது. ஒதுக்கி வைத்தால் அவன் மனசுதான் நோகும்.

பனிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள உறையில் வைரஸோ பாக்டீரியாவோ காசநோய்க் கிருமியோ புகுந்தால்தான் இந்த நோய் வரும். குளிருக்காக ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் படுக்கும்போது இருமல், தும்மல் வழியாகச் சில கிருமிகள் எளிதில் பரவும், அவ்வளவுதான். காதில் பஞ்சு வைத்து இதைத் தடுக்க முடியாது. ஆனால் காதில் சீழ் வடிந்தால் சும்மா விடாதீர்கள். அந்தச் சீழ் உள்ளே பரவி மூளை உறையைத் தொடலாம். உங்கள் ஊர்ப் பூண்டு சமையலுக்கு அருமையானது. சீழ் வடியும் காதில் அதை எண்ணெயில் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

முதுகு ஊசி பற்றிய பயம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே, நீரில் நரம்பு இழைகள் மட்டும் மிதக்கும் இடத்தில். இரண்டொரு நாள் தலைவலி, முதுகுவலி இருக்கலாம். அதனால் கால் விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அந்த நீரைப் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும். வைரஸ் என்றால் பெரும்பாலும் தானாகவே அடங்கும். பாக்டீரியா என்றால் பல நாள் ஊசி மருந்து. காசநோய் என்றால் ஒரு வருடம்வரை மாத்திரை. நீர் எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடத் தயங்கிக் குடும்பத்தார் கூடிப் பேசும் நேரத்தில் நோய் முற்றிவிடும். பாக்டீரியாவால் வந்தால் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் இறந்துவிடுகிறார். அதனால்தான் நீர் எடுக்கத் தாமதமானால் மருத்துவர்கள் முதலில் மருந்தை ஏற்றிவிடுவார்கள்.

தடுப்பூசி போட்டது மிக நல்லது. ஆனால் எல்லாக் கிருமிக்கும் அது காவல் இல்லை. பிறந்தவுடன் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, அப்புறம் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலண்ட், நியூமோகாக்கல் பாக்டீரியாவுக்கான ஊசி இவை மூன்றும் முக்கியமான சில வகைகளைத் தடுக்கும். நியூமோகாக்கல் ஊசி தமிழ்நாட்டில் அரசு அட்டவணையில் சேர்ந்தது 2021இல்தான், உங்கள் பிள்ளைகளுக்கு அது போட்டிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

கழுத்து விறைத்தால்தான் மூளைக்காய்ச்சல் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, வெளிச்சம் பார்த்தால் கண் கூச்சம், எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், வலிப்பு இவற்றில் எது சேர்ந்தாலும் கிளம்பிவிடுங்கள். கைக்குழந்தை என்றால் பால் குடிக்காது, கீச்சென்று அழும், உச்சிக்குழி புடைத்திருக்கும். மலைப்பாதையில் வாந்தி எடுத்தால் வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் விட்டுவிடுவோம். காய்ச்சலும் இருந்தால் அப்படி நினைக்காதீர்கள். பூம்பாறையிலிருந்து வத்தலக்குண்டு இறங்கி மதுரை போய்ச்சேர ஏறக்குறைய நாலு மணி நேரம். 108ஐ அழைத்து முதலில் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கேயே முதல் மருந்து ஊசியைப் போட்டு அனுப்புவார்கள்.

பையனின் டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தக் கிருமி என்று பாருங்கள். காசநோய் என்றிருந்தால், அவனைச் சுற்றியுள்ள பெரியவர் யாருக்கோ நுரையீரல் காசநோய் இருக்கலாம். வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். பாக்டீரியா என்றிருந்தால் ஒரு மாதத்துக்குள் அவன் காதுகேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் அடம் பிடிக்கிறான் என்று திட்டாதீர்கள், இந்த நோய்க்குப் பிறகு செவித்திறன் குறைவது உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் கருவி வைத்து அவனைப் பள்ளிக்கு அனுப்பலாம்.