பழைய பென்ஸ் வாங்குகிறவர்களுக்கு

கேள்வி: 1995 மாடல் பென்ஸ் இ220 விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் புதுசு போல மின்னுகிறது. வாங்கலாமா? (ஈரோடு)

பதில்: பெயின்ட்டை விடுங்கள், பானெட்டைத் திறந்து பாருங்கள். புனேயில் அசெம்பிள் ஆன வண்டி அது, பென்ஸ் கம்பெனி டபிள்யூ124 என்று குறிப்பிடும் மாடல் வரிசை. கட்டுமானம் உறுதி. ஆனால் 1990-களின் முற்பாதி வண்டிகளில் இன்ஜின் வயர்களின் மேலுறை சூட்டில் காய்ந்து அப்பளமாக நொறுங்கும். செம்புக்கம்பி தெரிந்தால் மொத்த வயரிங்கையும் மாற்ற வேண்டும். மாற்றியாகிவிட்டது என்றால் பில் கேளுங்கள்.

கேள்வி: என் இ220-இல் முன் கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர்தான். இரண்டாக்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: தொடாதீர்கள். வீசும்போதே நீண்டு சுருங்கி மூலை வரை போய், கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைக்கும் அமைப்பு அது. திணறினால் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 68,000 கி.மீ. ஓடியது என்று டீலர் விற்றார். சீட்டுக்கு அடியில் பழைய சர்வீஸ் பில் கிடைத்தது. நான்கு வருடத்துக்கு முன்பே 2,30,000! ஏமாந்துவிட்டேனே. (கோவை)

பதில்: மனசு விடாதீர்கள். தப்பு உங்களுடையதல்ல, மீட்டரைத் திருப்பியவனுடையது. எனக்கும் இது நடந்தது. ஒரு பழைய செடான், மீட்டரில் 54,000. புது சீட் கவர், புது ஸ்டீயரிங் கவர். வாங்கி ஒரு மாதம் கழித்துக் குனிந்து பார்த்தேன்: பிரேக் பெடல் ரப்பர் வலது ஓரத்தில் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஐம்பதாயிரத்தில் அப்படித் தேயாது. அன்றிலிருந்து எந்த வண்டியிலும் முதலில் பெடலைத்தான் பார்க்கிறேன். மீட்டர் சொல்வதை நம்பாதீர்கள். பெடல், டிரைவர் சீட்டின் ஓரம், வருடவாரியான சர்வீஸ் பில், இவை மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

அந்த பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மீட்டரைப் படம் எடுங்கள், டீலர் அனுப்பிய மெசேஜ்களை அழிக்காதீர்கள். முதலில் டீலருக்கு நோட்டீஸ். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். உங்கள் ஊரிலேயே கொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: என் இ220 பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் டக் டக்கென்று சத்தம். ஷாக் அப்சார்பரை இரண்டு தடவை மாற்றியும் தீரவில்லை. (சேலம்)

பதில்: இந்த பென்ஸில் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனி லிங்க் (இணைப்புத் தண்டு) பிடித்திருக்கிறது. முனைகளில் உள்ள ரப்பர் புஷ் (ரப்பர் வளையம்) வெடித்திருக்கும். அதை மாற்றி, பின்சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஷாக் அப்சார்பர் வேண்டாம்.

கேள்வி: வண்டி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இப்போதுதான் ஆர்.சி.யைப் பார்த்தேன், காலாவதி. என்ன செய்வது? (மதுரை)

பதில்: பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யைப் பார்க்க ஐந்து நிமிடம் போதுமே! பதிவு 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். அதுவரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.