கோலாலம்பூர் அருகே உள்ள செலாயாங் வெந்நீர் ஊற்று ஏன் பீறிட்டு அடிப்பதில்லை?

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் ரோத்தோருவா போய், போஹுத்து ஊற்று 30 மீட்டர் வரை பீறிடுவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது.

போஹுத்து போன்ற ஊற்றின் பெயர் கீசர்: நிலத்தடி வெந்நீரை அவ்வப்போது மேலே வீசியடிக்கும் ஊற்று. (தமிழ்நாட்டு உறவினர்கள் குளியலறை ஹீட்டரையும் கீசர் என்பார்கள், அது வேறு.) எரிமலைப் பகுதியின் சூடு, நிறைய நீர், இடையில் குறுகும் பாறைக்குழாய் மூன்றும் அமைந்தால்தான் கீசர். மேலுள்ள நீரின் கனம் அழுத்துவதால் அடிநீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மேலே கொஞ்சம் வழிந்து அழுத்தம் குறைந்ததும், அவ்வளவுதான், சட்டென்று ஆவியாகி மொத்தத்தையும் தூக்கி எறியும். சூடான காரின் ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்!

செலாயாங் கதை வேறு. மழைநீர் பாறைப் பிளவுகளில் ஆழமாக இறங்கி, பூமிக்குள் இயல்பாக இருக்கும் சூட்டில் காய்ந்து, மேலே ஊறி வருகிறது. அப்படி அழுத்தம் சேர்வதில்லை. அதனால்தான் அங்கே நிம்மதியாக உட்கார்ந்து கால் நனைக்க முடிகிறது.

அப்புறம், வெந்நீர் வருவதால் கோலாலம்பூருக்கு அடியில் எரிமலை தூங்குகிறது என்று பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். அப்படி எதுவும் இங்கே இல்லை.