கோபம் வந்தால் குணஸ்தானம் இறங்கிவிடுமா?

வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு சமண வாசகர் கேட்கிறார்: “இரவுச் சாப்பாட்டை விட்டு 3 வருடமாகிறது. இல்லறத்தாருக்கான சிறு விரதங்களான அணுவிரதங்களும் எடுத்திருக்கிறேன். போன வாரம் கடைப் பையனிடம் கண்டபடி கத்திவிட்டேன். ஐந்தாம் குணஸ்தானத்திலிருந்து முதல் படிக்கே விழுந்துவிட்டேனா?”

கத்தியதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். குணஸ்தானம் என்பது சமணத்தில் உயிர் தூய்மையாகி ஏறும் 14 படிகள். அவற்றில், கோபம் வேரோடு போவது ஒன்பதாவதில்தான். பத்தில்கூட நுண்ணிய லோபம், அதாவது ஆசை, மிஞ்சும். குசும்பாப் பூச்சாயம் ஏற்றிய துணியை அலசிய பிறகும் தங்கும் லேசான சிவப்பு மாதிரி. ஐந்தாம் படியில் இருக்கும் இல்லறத்தாருக்குக் கோபம் வருவதில் ஆச்சரியமில்லை.

கோபம் எவ்வளவு நாள் உள்ளே தங்குகிறது என்று பாருங்கள். 10ஆம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி செய்த கோம்மடசாரம் என்ற சமண நூல் கோபத்தை நான்கு கோடுகளாகக் காட்டுகிறது: கல்லில், மண்ணில், புழுதியில், நீரில். உள்ளே புகையும் காலத்துக்கும் அதில் கணக்கு உண்டு. பிறவிகள் தாண்டியும் தொடரும் அனந்தானுபந்தி என்ற கோபம் நற்காட்சியையே, அதாவது உண்மையை உள்ளபடி நம்பும் பார்வையையே, மறைக்கும். அது எழுந்தால் நான்காம் படியிலும் நிற்க முடியாது. ஆறு மாதம் வரை புகைவது அணுவிரதத்தைத் தடுக்கும். பதினைந்து நாளில் தணிவது துறவை மட்டும் தடுக்கும். ஐந்தாம் படியில் இருப்பது இதுதான். ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடத்துக்குள், அடங்குவது முனிவருக்கும் உண்டு. சமணத்தின் இன்னொரு பிரிவான சுவேதாம்பர மரபில் இந்தக் காலக்கணக்கு வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விரதம் எடுத்ததாலேயே ஐந்தாம் படி வந்துவிடாது. நான்காம் படியான நற்காட்சி அதற்கு அடியில் இருக்க வேண்டும். நீங்கள் எந்தப் படி என்று நானோ உங்கள் ஊர்ப் பண்டிதரோ சொல்லவும் முடியாது. குணஸ்தானம் என்பது உயிரின் அந்த நேரத்துப் பரிணாமம், அதாவது உள்நிலை. முனிவர்களே ஆறுக்கும் ஏழுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

விழுவது பற்றித்தானே பயம்? பதினோராம் படியைப் பாருங்கள். கலங்கல் தண்ணீர்க் குடத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் மண் அடியில் படிந்து மேல்நீர் தெளியும். குடம் அசைந்தால் திரும்பக் கலங்கும். அவ்வளவு உயரத்தில் மோகத்தை, அதாவது கோபம் முதலானவற்றுக்கு வேரான மயக்கத்தை, அடக்கியவரும் ஒரு முகூர்த்தத்துக்குள் இறங்கியே ஆக வேண்டும். மோகத்தை அடக்காமல் அழித்துக்கொண்டே வருகிறவர் பத்திலிருந்து நேராகப் பன்னிரண்டுக்குப் போகிறார். அது தெளிந்த நீரைப் பளிங்குக் கிண்ணத்துக்கு மாற்றியது போல. அங்கிருந்து இறக்கமே கிடையாது.

இன்றைக்கே அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். சாயங்காலப் பிரதிக்கிரமணத்தில், அதாவது செய்த குற்றங்களை நினைத்து வருந்தும் வழிபாட்டில், கத்திய வார்த்தைகளை அப்படியே நினைவுக்குக் கொண்டுவந்து ஆலோசனை செய்யுங்கள், அதாவது குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள். கத்திய நாளிலிருந்து பதினைந்தாம் நாள், அவன் கடைக்குள் நுழையும்போது உங்கள் நெஞ்சு சுருங்குகிறதா என்று கவனியுங்கள்.