கிணறு வற்றுகிறது, ஆயிரம் அடி போர் போடலாமா?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பக்கத்து நிலத்தில் ஆழமாகப் போர் போட்டதிலிருந்து என் கிணறு கோடையில் வற்றிவிடுகிறது. இதைத் தடுக்கச் சட்டம் உண்டா? இல்லையென்றால் நானும் கடன் வாங்கி ஆயிரம் அடி இறக்கலாமா?"

சட்டம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. தம் நிலத்துக்கு அடியில் ஊறும் நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் நில உரிமையாளருக்கே தருகிறது. அதை ஒழுங்குபடுத்தத் தமிழகம் 2003-இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013-இல் நீக்கப்பட்டுவிட்டது.

போர் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலூர்ப் பக்கம் அடியில் இருப்பது கடினப் பாறை. மழைநீர் பெரும்பாலும் மேலேயுள்ள சிதைந்த பாறை அடுக்கில்தான் தங்குகிறது; அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே நீர் இருக்கும், ஆழம் போகப் போக அவையும் அருகிவிடும். போர் வண்டி ஓடும்போது குழியிலிருந்து ஈரம் சிறிதுமின்றி வெள்ளைப் புழுதியே பறந்துகொண்டிருந்தால், அடிக்கு அடி நீங்கள் கொடுக்கும் காசு வெறும் பாறைக்குத்தான் போகிறது.

ஒருவரை மிஞ்சி ஒருவர் ஆழமாகப் போர் இறக்கும் இந்தப் போட்டிக்கு உழவரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. 1990 முதல் விவசாய மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம். அது இல்லாவிட்டால் சிறு விவசாயிகள் பலர் நிலத்தை விட்டே போயிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எவ்வளவு இறைத்தாலும் செலவு ஏறாதபோது, ஆழமாக இறக்கப் பணம் உள்ளவருக்கே நீர் போய்ச் சேர்கிறது. நெல்லுக்குக் கொள்முதல் நிலையமும் கரும்புக்கு ஆலையும் இருப்பதுபோல் நிலக்கடலைக்கு உறுதியான விற்பனை இல்லாததால், நீர் குடிக்கும் பயிரையே உழவர் நாடுகிறார். மின் கட்டணத்தை அரசு ஏற்கிறது, போர் பொய்த்தால் கடனைச் சுமப்பவர் நீங்கள்.

ஆகவே முதலில் வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று பெற்று, சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்களுடன் தோட்டக்கலை அலுவலகத்தில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விண்ணப்பியுங்கள். மூன்று ஏக்கர்காரரான உங்களுக்கு, அரசு நிர்ணயித்த விலை வரம்புக்குள், 100 சதவீத மானியம் உண்டு. உங்கள் வட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி சொட்டுநீரில் நன்றாக வரும். ஏரியின் வரத்துக்கால்வாய் அடைபட்டிருந்தால், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். ஏரி நிறைந்தால் சுற்றுக் கிணறுகளில் ஊற்று எடுக்கும்.

கிணற்றையும் கைவிட வேண்டாம். தூர் வாரி, மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதி வாருங்கள். மார்கழி அளவைப் பார்த்தபிறகே அப்போது தொடங்கும் நவரைப் பட்டச் சாகுபடிக்கு எவ்வளவு நிலம் என்று முடிவு செய்யுங்கள்.