பழைய ஸ்கூபா செட்: சர்வீஸ் செய்வதா, புதிது வாங்குவதா?

கேள்வி: என் மாமா பல வருடம் டைவிங் செய்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த தன் செட்டை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சு விட ஏற்ற அழுத்தத்தில் தருவது), பிசிடி ஜாக்கெட் (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்துவது), அலுமினிய சிலிண்டர், டைவ் கம்ப்யூட்டர், வெட்சூட் எல்லாம் இருக்கின்றன. கடைக்காரர் எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறார். என்னோடு டைவ் செய்யும் நண்பரோ, சர்வீஸ் செய்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. மொத்த செட்டுக்கும் ஒரே முடிவு எடுக்கப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகப் பாருங்கள். அதுவரை இதை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கவே வேண்டாம். நீச்சல் குளத்தில் சும்மா ஒருமுறை பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் ஆழத்தில்கூட, சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம். ரெகுலேட்டர் திடீரென்று மக்கர் செய்தால், பதற்றத்தில் பலரும் அதைத்தான் செய்வார்கள்.

முதலில் ரெகுலேட்டர். இதன் உடல் பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளை. பல பத்தாண்டுகள் உழைக்கும். கெட்டுப்போவது உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), சீட் (காற்றுப் பாதையை மூடும் அடைப்பு), டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு), எக்ஸாஸ்ட் வால்வு (விடும் மூச்சு வெளியேறும் வழி) போன்ற ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள். சர்வீஸ் என்றால் பிரித்துச் சுத்தம் செய்து, இவற்றில் தேய்பவற்றை மாற்றி, அழுத்தத்தைச் சரியாக வைப்பது. அதனால் வயதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் மாடலுக்கு சர்வீஸ் கிட் (மாற்ற வேண்டிய பாகங்களின் தொகுப்பு) இன்னும் கிடைக்கிறதா? மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள். கிட் கிடைத்தால் சர்வீஸ் செய்வதே என் யோசனை. நல்ல ரெகுலேட்டரை வீணாக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ‘அதே சைஸில் வேறு ஓ-ரிங் போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

வீட்டிலேயே இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதி) தூசி மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் ஏதோ ஓர் இரும்பு சிலிண்டரின் துரு வந்து சேர்ந்திருக்கிறது. அப்புறம் மூடியைத் திரும்பப் போட்டு, மவுத்பீஸில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். காற்று வரவே கூடாது. வந்தால் டயாஃப்ரமிலோ எக்ஸாஸ்ட் வால்விலோ மவுத்பீஸிலோ ஓட்டை இருக்கலாம். இந்தச் சோதனைகளில் தேறினாலும் சர்வீஸ் கட்டாயம். கரையில் சுகமாக மூச்சு விட முடிவதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். 30 மீட்டர் ஆழத்தில் காற்று மேலே இருப்பதைவிட நான்கு மடங்கு அடர்த்தி. ரெகுலேட்டரின் உண்மையான வேலை அங்கேதான்.

ஹோஸ்களை (காற்றுக் குழாய்களை) யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் பின்னல் ஹோஸ்களில்கூட, உள்குழாய் சிதைந்து காற்றுப் பாதையை அடைத்த சம்பவங்கள் உண்டு.

பிசிடியை வாயால் ஊதி நிரப்பி, ஓர் இரவு அப்படியே வையுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் வால்வா, பையா என்று பார்க்க வேண்டும். வால்வை மாற்றலாம். பையின் உட்பூச்சு உரிந்தோ பிசுபிசுத்தோ போயிருந்தால் ஜாக்கெட்டின் ஆயுள் முடிந்தது. ஜாக்கெட்டில் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டரின் பட்டன் உப்புப் படிந்து ஒட்டிக்கொண்டால் ஜாக்கெட் தானாக நிரம்பி உங்களை வேகமாக மேலே தூக்கிவிடும். ஜாக்கெட் நன்றாக இருந்தாலும் இன்ஃப்ளேட்டரைப் பிரித்து சர்வீஸ் செய்தே ஆக வேண்டும்.

சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் தேதியையும் உலோகக் குறியீட்டையும் பாருங்கள். பழைய அலுமினிய சிலிண்டர்களில் 6351 என்ற கலவை பயன்பட்டது. அதில் கழுத்துப் பகுதியில் விரிசல் விடும் பிரச்சினை இருந்தது. சிலிண்டர் தயாரிக்கும் லக்ஸ்ஃபர் கம்பெனி அமெரிக்காவில் 1988-இல் அதைக் கைவிட்டு 6061-க்கு மாறியது. உங்களுடையது 6351 என்றால், டெஸ்டில் தேறினாலும் நான் வைத்திருக்க மாட்டேன். மற்றபடி, ஹைட்ரோ டெஸ்டுக்கும் (நீரழுத்தச் சோதனை) உட்புறப் பரிசோதனைக்கும் கொடுங்கள். பல நாடுகளில் ஹைட்ரோ டெஸ்ட் 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். தேறினால் தயங்காமல் பயன்படுத்தலாம். உள்ளே மிச்சமிருக்கும் பழைய காற்றை மட்டும் வெளியேற்றிவிடுங்கள். இரும்பு சிலிண்டராக இருந்தால் இது இன்னும் முக்கியம்: உள்ளே துருப்பிடிக்கும்போது அந்தக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் குறைந்துவிடும்.

கம்ப்யூட்டரைப் புதிதாகவே வாங்குங்கள். பேட்டரி மாற்றினால் திரை ஒளிரும்தான். ஆனால் ஆழம் அளக்கும் சென்சார் சரியா என்பது திரையைப் பார்த்துத் தெரியாது. வெட்சூட் நசுங்கி மெலிந்திருந்தால் குளிர் தாங்காது, அவ்வளவுதான்.

சர்வீஸும் புது ஹோஸ்களும் சேர்ந்து, அதே தரத்துப் புது ரெகுலேட்டரின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே வாங்குங்கள்.

கேள்வி: என் ரெகுலேட்டர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மூன்று, நான்கு முறைதான் டைவ் செய்தேன். இதற்கும் சர்வீஸ் வேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு பரிசோதனை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 டைவுக்கு ஒருமுறை முழு சர்வீஸ் என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ரப்பர் இறுகும், உப்பு உள்ளே அரிக்கும். கொடுக்கும்போது, மாற்றிய பழைய பாகங்களையும், செட் செய்த இன்டர்மீடியட் பிரஷர் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து ஹோஸுக்குப் போகும் காற்றின் அழுத்தம்) அளவையும் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான மாடல்களில் அது 9 முதல் 10 பார் வரை இருக்கும். அந்த அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் ஓர் இடத்தில் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் சரியாக மூடவில்லை. அப்படியே வாங்கி வராதீர்கள்.